ஆறாவது கால்குலேட்டர்

திருச்சுழி
8.7.2024

தங்கச்சி ஷஹீனாவுக்கு உக்கிரபாண்டி எழுதுவது.

போனில் என் நம்பரை நீ அடைத்துவைத்து இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது. எனவே இதை அருப்புக்கோட்டை பஸ் கண்டக்டர் சண்முகவேல் கையில் கொடுத்துவிடுகிறேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் அவர் இதைப் படித்துவிடுவார், கடைசி ஸ்டாப்புக்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அதனால் கண்ணியமாக எழுதுகிறேன். உறையை ஒட்டியது பசை அல்ல, கேன்டீன் சோறு. தப்பாக நினைக்காதே.

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் முதல் வருஷத்துக்கு இந்த ஆண்டு இருபத்தாறு பேர் வருகிறார்கள். போன வருஷம் "ஆளுக்கொரு கால்குலேட்டர் வாங்கிட்டு வாங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லித் தொலைத்தேன். அழகுராஜா அவன் மாமா மளிகைக் கடையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தான். பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாடியது. எம்.ரெட்டியபட்டி துர்காதேவியிடம் இருந்தது ஒற்றை வரிக்காரி. போட்ட கணக்கைக் காட்டாது, விடையை மட்டும் காட்டும். இருபத்திரண்டு கிலோ ஓமைப் போடச் சொன்னால் அந்தப் பிள்ளை 22, பெருக்கல், 10, அப்புறம் EXP, 3 என்று அமுக்கியது. அந்த EXP பட்டனுக்குள்ளேயே ஒரு பத்து ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் என்றால் நான்தான். விடை பத்து மடங்கு. ஒரே கணக்குக்கு ஏழு விடை வந்தது, ஏழும் என்னுடையதோடு சேரவில்லை. கடைசியில் பார்த்தால் என்னுடையதும் தப்பு.

ஊரில் கால்குலேட்டரைப் பிரித்துப் பார்த்து விற்கிற கடை உன்னுடையது ஒன்றுதான். புதிதாக எலக்ட்ரானிக்ஸ் படிக்க வருகிற பிள்ளைக்கு எது சரி என்று நீ சொல். மாதிரி அனுப்பு.

இன்னொன்று. உன் மகள் நர்கிஸ் எங்கள் நிலையத்துக்கு விண்ணப்பம் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். சொன்னது யார் என்று கேட்காதே. அவர்தான் இந்தக் கடிதத்தையும் கொண்டு வருகிறார்.

உக்கிரபாண்டி

—

அருப்புக்கோட்டை
11.7.2024

ஆசிரியர் உக்கிரபாண்டி அவர்களுக்கு,

சோறு காய்ந்து கடிதம் திறந்துதான் வந்தது. நான் அனுப்பும் பெட்டியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஐந்து மாதிரி இருக்கிறது. நம்பர் போட்டிருக்கிறேன்.

ஒன்று, பெரிய பட்டன். கடைக்காரர்களுக்கு. வேண்டாம். இரண்டு, படம் வரையும். பரீட்சை ஹாலில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று, வெறும் சூரியத் தகட்டில் ஓடுவது. உங்கள் வகுப்பறையில் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். நான்கு, பார்க்க அசல் மாதிரி இருக்கும் டூப்ளிகேட். ஆறே மாதத்தில் 7-ம் 8-ம் அழிந்துபோகும், பிள்ளைகள் தடவித் தடவி அமுக்க வேண்டும். ஐந்துதான் சரி. இரண்டு வரி காட்டும், போட்டதும் தெரியும் விடையும் தெரியும். ENG பட்டன் உண்டு. 22000 என்று அடித்து அதை அமுக்கினால் 22-ம் பக்கத்தில் பத்தின் மேல் மூன்றும் வரும். கிலோ எங்கே, மைக்ரோ எங்கே என்று பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியும். தகடும் உண்டு, பேட்டரியும் உண்டு. வாங்கியதும் sin 30 போட்டுப் பாருங்கள். அரை வரவேண்டும். வராவிட்டால் கோண முறை மாறியிருக்கிறது, பேய் பிடிக்கவில்லை.

பெட்டியில் ஆறாவதும் ஒன்று இருக்கும். அது விற்பனைக்கு இல்லை. உங்களுக்கு அடையாளம் தெரியும். தகட்டின் ஓரத்தில் இன்னும் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருக்கிறது. நர்கிஸின் அத்தா மவுத்தான அன்று மில்லில் இருந்து அவுக பையோடு வந்தது. இத்தனை நாள் பீரோவில் வைத்திருந்தேன். போன மாதம் நர்கிஸ் எடுத்து ON அமுக்கினாள். எழுத்து வந்தது.

எண்ணைச் சேமித்துவைக்கிற A என்ற அறையில் 22000 இருக்கிறது. B-யில் மைக்ரோவில் 2200. C-யில் 242. அது வரைக்கும் நர்கிஸ் பார்த்தாள். திரையின் மூலையில் சின்னதாக M என்று ஓர் எழுத்து நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு உங்களுக்குத்தான் கடைசியாகப் போன் போட்டிருக்காக. என்ன கேட்டாக, நீங்க என்ன சொன்னீங்க? மய்யித்து வீட்டில் ஒன்று சொன்னீர்கள், மூன்றாம் நாள் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று. வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம். எழுதுங்கள். "வந்தாரு, தொறந்தாரு, கையை வச்சாரு" என்று மில்காரர்கள் சொன்னதோடு நான் இருக்கிறேன். அவசரக்காரன் பெண்டாட்டி என்றுதான் ஊரில் எனக்குப் பெயர்.

நர்கிஸின் விண்ணப்பம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அவள் அத்தாவைக் கொன்ற வேலைக்கு அவளை அனுப்புவதா என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

ஷஹீனா

—

திருச்சுழி
16.7.2024

தங்கச்சி,

ஐந்தாம் நம்பரே நல்லது. இருபத்தாறு சொல்லிவைக்கவும். உறை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கட்டும், நம் ஊர்ப் புழுதி பட்டனுக்குள் இறங்கினால் சம்மன் கொடுத்தாலும் வெளியே வராது. முதலாம் நம்பரை எங்கள் முதல்வர் பார்த்துவிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று மேஜையில் வைத்துக்கொண்டார். இனி அது திரும்பாது.

ஆறாவதை அடையாளம் தெரிந்தது. ஆயுதபூஜைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், என்னோடு பாடம் நடத்திய உன் வீட்டுக்காரன் சேக் முகம்மது சட்டைப்பையில் இருந்ததையும் உருவி வைத்துவிட்டார்கள். நான் பதறிப்போய்த் துடைக்க எடுத்தேன். "விடு மச்சான். ஆசையா வச்சிருக்குதுக. தகடு மறைஞ்சா என்ன, உள்ள பேட்டரி இருக்குல்ல" என்றான்.

A ஓம், B மைக்ரோ பாரட், C விநாடி. M என்பது மெமரி. அவ்வளவுதான். அதைத் தொட வேண்டாம்.

பெட்டியை ஆசிரியர் அறைப் பீரோவில் வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், பீரோவுக்குள் டிக் என்று கேட்டது. ஒரு விநாடி கழித்து இன்னொரு டிக். பல்லி என்று நினைத்தேன். பல்லி இப்படி இடைவெளி பார்த்துக் கத்தாது. நான் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டேன். முப்பத்தொன்றில் நின்றது. திறந்து பார்த்தேன். மிச்சம் இருந்த ஐந்தும் அணைந்துதான் கிடந்தன. இரும்புப் பீரோ வெயிலில் விரிந்தால் சத்தம் வரும் என்று பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என் பாடத்தை நான் என்றைக்கு நம்பினேன்?

உக்கிரபாண்டி

—

அருப்புக்கோட்டை
18.7.2024

ஆசிரியருக்கு,

நான் கேட்டது ஒன்று. நீங்கள் முதல்வர் மேஜை வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டீர்கள்.

அவுக போனில் இருக்கிறது. நாலு பன்னிரண்டுக்கு உங்களுக்குப் போயிருக்கிறது. ஐம்பத்தெட்டு விநாடி. ஐம்பத்தெட்டு விநாடியில் என்ன பேசினீர்கள்?

உங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு டீ. இப்போது ஒன்றுகூடக் குடிப்பதில்லையாமே. சர்க்கரை என்று ஊரில் பேச்சு. சர்க்கரை என்றால் சர்க்கரை இல்லாமல் குடிப்பார்கள், டீக்கடைப் பக்கமே போகாமல் சுற்றிப் போகமாட்டார்கள். சண்முகவேல் எல்லாம் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். பிறகு நர்கிஸ் பி.காம். போவாள். "அத்தா இருந்தா என்னைய விட்டிருப்பாக" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள்.

ஷஹீனா

—

திருச்சுழி
23.7.2024

தங்கச்சி,

வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். டிராயரை இன்னும் மூடியிருக்கமாட்டாய் என்ற நம்பிக்கையில் ஐந்தாவது.

அன்று ஆயுதபூஜை. நான் மல்லாங்கிணறு ஆட்டோ ஸ்டாண்டு பூஜையில் சிறப்பு விருந்தினர். சிறப்பு என்னவென்றால் அவர்கள் கூப்பிட்ட மூன்று பேரும் வரவில்லை. கழுத்தில் மாலை, ஒரு கையில் பொரி, ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில். அப்போதுதான் போன் வந்தது.

"மச்சான், டவுனுக்கு வெளிய ஒரு மில்லுல நிக்கேன். லீவு நாள்லயே மெஷின் மோட்டாரை ஓட்டுற டிரைவைச் சரிபண்ணணும்னு கூப்பிட்டுவிட்டாக. கரண்டை நிப்பாட்டியாச்சு. உள்ள கெபாசிட்டர் ரெண்டாயிரத்து இருநூறு மைக்ரோ, குறுக்க இருபத்திரண்டு கிலோ ரெசிஸ்டர். எம்புட்டு நேரம் கழிச்சுக் கை வைக்கலாம்? ஒரு தடவை நீயும் போட்டுச் சொல்லு."

சண்முகவேலுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன். கெபாசிட்டர் என்பது கரண்ட்டை நிறுத்திய பிறகும் வயிற்றில் கரண்ட்டை வைத்திருக்கும் சாமான். செத்துக் கிடப்பது போலவே இருக்கும், தொட்டால் ஆளைக் கொல்லும். குறுக்கே இருக்கும் ரெசிஸ்டர் வழியாக அது மெல்ல வடியும். ஓமையும் பாரடையும் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் வடிகிற நேரம். இருநூற்று நாற்பத்திரண்டு விநாடி. நாலு நிமிஷம். பிள்ளைகளுக்கு முதல் மாதம் சொல்லித் தருகிற கணக்கு.

என் சட்டைப்பையில் கால்குலேட்டர் இருந்தது. எடுக்கவில்லை. கையில் பொரி. சுற்றிலும் பத்துப் பேர் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சிரிக்கவைக்க வேண்டுமல்லவா. சொன்னேன், "போடா, ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கையை வையி." பத்துப் பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வைத்துவிட்டான்.

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன் என்று மய்யித்து வீட்டில் சொன்னது பொய். சும்மா நலம் விசாரித்தான் என்று மூன்றாம் நாள் சொன்னதும் பொய். நாற்பதாம் நாள் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். டீக்கடைக்கு ஏன் போவதில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். நுரை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டு ஒரு மனுஷன் டீ குடிக்க முடியாது.

இனி M. உனக்குத் தெரிந்திருக்காது, அது அவன் வேலைப் பழக்கம். கைக்கடிகாரம் கட்டமாட்டான், மெஷினுக்குள் கை விடுகிறவன் உலோகம் கட்டக்கூடாது என்பான். எதை எண்ணுவதானாலும் திரையில் 1 போட்டுவிட்டு M+ பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பான். ஓர் அமுக்குக்கு மெமரியில் ஒன்று கூடும். வகுப்பில் தலையை எண்ணுவது அப்படித்தான், தொழுகை முடிந்து மணி உருட்டுவதற்குப் பதில் தஸ்பீஹ் எண்ணுவதும் அப்படித்தான். "உங்க தஸ்பீஹுக்குப் பேட்டரி எவ்வளவு மாப்ளே" என்று கேலி செய்வேன். கெபாசிட்டர் வடியக் காத்திருக்கும்போதும் விநாடிக்கு ஒரு டிக். எண்ணத் தொடங்கும் முன் பழையதை அழித்துவிடுவான். அணைத்துவைத்தாலும் அந்த எண் போகாது.

ஆகவே அந்த M-க்குள் இருப்பது, அவன் கை வைப்பதற்கு முன்னால் எத்தனை விநாடி காத்திருந்தான் என்பது. இருநூற்று நாற்பத்திரண்டுக்குக் குறைவாக இருந்தால் நான் சொன்ன டீயை அவன் நம்பினான் என்று அர்த்தம். உன்னைத் தொடவேண்டாம் என்றது அதனால்தான். நேற்று அந்தப் பட்டன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் போனது, அமுக்க மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஆறாவதைத் திருப்பி அனுப்புகிறேன். RCL, பிறகு M+. பார்க்கிற உரிமை உனக்குத்தான். பேட்டரி சாவதற்குள் பார்த்துவிடு.

உக்கிரபாண்டி

—

அருப்புக்கோட்டை
25.7.2024

அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கை பழக்கம்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். நர்கிஸ்தான் அமுக்கினாள். 605.

இரண்டாவது தடவையும் அமுக்கினோம். 605.

உங்கள் டீயை அவுக நம்பவில்லை. தானே கணக்குப் போட்டிருக்காக, அதுதான் C. நாலு நிமிஷம் என்று வந்தும் பத்து நிமிஷம் நின்றிருக்காக. அறுநூற்று ஐந்து தடவை அந்தப் பட்டனை அமுக்கியிருக்காக. என்னிடம் வந்து மில்காரர்கள் சொன்னதைக் கேட்டு, மூன்று வருஷம் நான் அவுக மேல் கோபமாக இருந்தேன். தொழுகையில்கூட. ரெண்டு நிமிஷம் நின்னா என்ன உங்களுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் நின்றிருக்காக.

நான் அழுது முடிக்கும் வரைக்கும் நர்கிஸ் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, "அந்த ரெசிஸ்டர் ஏற்கெனவே கருகி அறுந்துபோயிருந்தா?" என்றாள். "கால்குலேட்டருக்கு அது தெரியாதுல்லம்மா. அது பாட்டுக்கு இருபத்திரண்டு கிலோன்னு கணக்குப் போடும். ஆனா வடியவே வடியாது. பத்து நிமிஷம் இல்லை, ஒரு நாள் நின்னாலும் அப்படியேதான் இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டாள். அதுதான் உங்களுக்கும் கேள்வி.

"அப்ப அத்தா மீட்டரை வச்சு உள்ள கரண்ட் மிச்சம் இருக்கான்னு பாத்திருப்பாகல்ல? ஏன் பாக்கலை?"

அவுக மஞ்சள் மீட்டர் வீட்டில் இல்லை. மில்லில் இருந்து வந்த பையிலும் இல்லை. அதைத் தொலைக்கிற ஆள் இல்லை. மீட்டர் எங்கே?

ஷஹீனா

—

திருச்சுழி
29.7.2024

தங்கச்சி,

மீட்டர் என்னிடம் இருக்கிறது.

இந்தக் கேள்வி வரும் என்றுதான் மூன்று வருஷமாக டீக் கதையை எனக்குள்ளே பெரிதாக்கி வைத்திருந்தேன் போலிருக்கிறது. சின்னக் களவை ஒத்துக்கொண்டால் பெரிய களவைக் கேட்கமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

ஆயுதபூஜை அன்று காலையில் எல்லாச் சாமானையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். சால்டரிங் கருவி, ஸ்க்ரூடிரைவர், அவனுடைய மீட்டர். பூஜையில் வைத்த சாமானை மறுநாள்தான் எடுக்க வேண்டும். மத்தியானம் அவன் வந்து கேட்டான். "மச்சான், ஒரு வேலை வந்திருக்கு. மீட்டரை மட்டும் எடுத்துக்கிடட்டுமா?"

நான் சாமியாரும் இல்லை, பூசாரியும் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறதுகூட மறந்துபோகிற ஆள். ஆனால் அன்று பிள்ளைகள் நின்றார்கள், பெரிய மனுஷன் மாதிரி இருந்தது. "ஒரு நாளைக்கு அதுக்கும் லீவு விடுங்க மாப்ளே, சாமிக் குத்தம்" என்று சொல்லி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மல்லாங்கிணறுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அவன் சண்டை போடவில்லை. எங்கள் வழக்கத்தை மதிப்பதில் அவன் எங்களைவிட ஒரு படி கூடுதல். கால்குலேட்டரை மட்டும் பொட்டோடு பையில் போட்டுக்கொண்டு போனான். அளந்து பார்க்க முடியாததால்தான் எனக்குப் போன் போட்டுக் கணக்குக் கேட்டான். பத்து நிமிஷம் நின்றதும் அதனால்தான்.

செய்தி வந்த பிறகு அறையைத் திறந்தேன். சந்தனப் பொட்டோடு மீட்டர் அப்படியே இருந்தது. ஆசிரியர் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மேஜையின் கடைசி டிராயரில் வைத்துப் பூட்டினேன். நான் கேட்ட டிக் பீரோவில் இருந்து வந்ததா, அந்த டிராயரில் இருந்து வந்ததா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

சண்முகவேல் கையில் மீட்டரை அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவர் படித்தால் படிக்கட்டும். விண்ணப்பத்தைக் கிழிப்பதானால் கிழித்துவிடு. நான் வேலையை விட்டால்தான் நர்கிஸ் வருவாள் என்றாலும் சொல். ராஜினாமா எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை, இதுவரை எழுதியதில் சின்னது அதுவாகத்தான் இருக்கும்.

உக்கிரபாண்டி

—

அருப்புக்கோட்டை
2.8.2024

அண்ணனுக்கு,

சண்முகவேல் மீட்டரை என் கையில் தந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

மன்னிப்பைப் பற்றி இப்போது நான் எழுத முடியாது. எழுதினால் பொய்யாகிவிடும், நம் இரண்டு பேருக்கும் போதுமான பொய் ஏற்கெனவே இருக்கிறது.

வேலையை விடவேண்டாம். இந்தப் பயம் உள்ள வாத்தியார்தான் என் பிள்ளைக்கு வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் அவரும் ஒரு ஆளைக் கொன்றுதான் கற்றுக்கொள்வார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்தாம் நம்பர் இருபத்தைந்து அனுப்புகிறேன், இருபத்தாறு இல்லை. நர்கிஸ் அவள் அத்தாவுடையதைத்தான் எடுத்துவருவாள். மீட்டரையும். எந்தப் பூஜைக்கும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது மட்டும் அவள் கையை விட்டுப் போகாது. பேட்டரி மாற்றும்போது எண் அழிந்துவிடும் என்றேன். "அதுக்குள்ள மனப்பாடம் ஆயிரும்மா" என்கிறாள்.

ஷஹீனா

—

திருச்சுழி
13.9.2024

தங்கச்சி ஷஹீனாவுக்கு,

பிள்ளை வீட்டில் சொல்லியிருப்பாள். சொல்லியிருக்க மாட்டாள் என்றும் தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று முதல் செய்முறை. இருபத்தாறு பலகை செய்துவைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கெபாசிட்டர், இரண்டாயிரத்து இருநூறு மைக்ரோ. குறுக்கே இருபத்திரண்டு கிலோ. வெறும் இருபத்துநாலு வோல்ட், தொட்டாலும் ஒன்றும் செய்யாது. அதில் ஒரு பலகையில் மட்டும் ரெசிஸ்டரின் ஒரு காலை அடியில் வெட்டிவிட்டு, எது என்று எனக்கே தெரியாதபடி கலைத்துவைத்தேன்.

எல்லோரும் கணக்குப் போட்டார்கள். இருபத்தாறு பேருக்கும் 242. ஐந்தாம் நம்பருக்கு நன்றி. கரண்ட்டை நிறுத்தினோம். "நாலு நிமிஷம் எண்ணுங்கப்பா" என்றேன். சிலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், சிலர் போனை எடுத்தார்கள். மூன்றாவது மேஜையில் இருந்து டிக் என்று கேட்டது. ஒரு விநாடி கழித்து இன்னொரு டிக்.

அது நர்கிஸ் மேஜை. போய் அவள் பின்னால் நின்றேன். பழையதை அழிக்காமலே எண்ணுகிறாள். அவள் உதட்டில் எண் அறுநூற்று ஐந்தில் இருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. பேசியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

நேரம் முடிந்ததும் பலகையைத் தொட இருபத்தைந்து கைகள் நீண்டன. எண்ணூற்று நாற்பத்தேழில் அவள் நிறுத்தினாள். கையை நீட்டவில்லை. மஞ்சள் மீட்டரை எடுத்து, சந்தனம் ஒட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, முனைகளைக் கெபாசிட்டரின் காலில் வைத்தாள்.

இருபத்திரண்டரை வோல்ட்.

வெட்டிய பலகை அவள் மேஜைக்குத்தான் போயிருந்தது. சத்தியமாக நான் வைக்கவில்லை.

முனைகளை எடுக்காமல், திரும்பாமலே சொன்னாள்:

"இது வரைக்கும் அத்தா சரியாத்தான் வந்திருக்காக, மாமா."

உக்கிரபாண்டி